டிரிம்மர் பிளேடு மாற்றுவது பற்றி மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பின போட்டோவை நாலைந்து தடவை பெரிசாக்கிப் பார்த்தேன். அலமாரிக் கதவுப் பலகையின் வெட்டு ஓரத்தை மூட நீ ஒட்டின பிளாஸ்டிக் டேப் நெடுகப் பிசிறு பிசிறாக நிற்கிறது, நடுவில் இரண்டு இடத்தில் எலி கடித்த மாதிரி உள்ளே போயிருக்கிறது, கீழே நீ எழுதியிருந்தது "எனக்குக் கை வரலைப்பா". கையெல்லாம் வந்துவிட்டது. ஓரத்துக்கு வெளியே மிஞ்சின டேப்பை இரண்டு பக்கமும் சீவி எடுக்கிற அந்தக் கை டிரிம்மரின் பிளேடுதான் மழுங்கிப் போய்விட்டது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். வேலை செய்யும்போது பக்கத்தில் வைத்துக்கொள்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், கதவைவிடத் தரையைத்தான் பார்த்தேன். 18 மில்லிமீட்டர் கனப் பலகைக்கு 22 மில்லிமீட்டர் அகல டேப் ஒட்டியிருக்கிறாய், நடுவாக ஒட்டினால் இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் மிச்சம் நிற்கும். பிளேடு கூராக இருந்தால் அந்த மிச்சம் கதவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே நாடாவாகச் சுருண்டு வரும். உன் தரையில் கிடப்பதோ துண்டும் தூளும். அப்புறம் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறதே, அது பசை இல்லை. பி.வி.சி. டேப்பை வெட்டாமல் மடக்கி இழுத்தால் அந்த இடம் வெளுத்துப்போகும். மழுங்கின பிளேடு அதைத்தான் செய்கிறது. ஹேர் டிரையரை லேசாகக் காட்டினால் வெளுப்பு கொஞ்சம் அடங்கும், ரொம்ப நேரம் காட்டிவிடாதே, பசை இளகிவிடும்.

இவ்வளவு சீக்கிரம் எப்படி மழுங்கும் என்று கேட்பாய். நீ ஒட்டினது வெள்ளை டேப். வெள்ளைக்காக அதில் கலக்கிற டைட்டானியம் டை ஆக்சைடு நல்ல கடினமான சரக்கு, பிளேடைத் தேய்த்துவிடும். போதாததற்கு டிரிம்மரைச் சாய்த்துப் பிடித்தால் பிளேடு பலகையின் மேல்முகத்திலும் உரசும், அதில் இருக்கிற மெலமைன் என்கிற கெட்டிப் பூச்சு டேப்பைவிடக் கடினம். மழுங்கினது தெரியாமல் நீ இன்னும் அழுத்துவாய், அழுத்த அழுத்த டிரிம்மர் சாயும், இன்னும் மழுங்கும். நான் பழகின காலத்தில் இப்படியே இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சரி, மாற்றுகிற விஷயத்துக்கு வருகிறேன். புதுசு வாங்கப் போகும்போது பழைய பிளேடு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஓட்டைகளுக்கு நடுவில் இருக்கிற தூரமோ கனமோ கொஞ்சம் மாறினாலும் உட்காராது. ஒரு பக்கத்துக்கு மட்டும் போடலாம் என்று நினைக்காதே, எல்லாவற்றையும் ஒன்றாகவே மாற்று. ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போக, மறுபக்கம் இழுத்துப் பிடித்தால் டிரிம்மர் நேராக ஓடாது. சில பிளேடுக்கு இரண்டு விளிம்பிலும் கூர் இருக்கும், அப்படி இருந்தால் காசு செலவில்லை, திருப்பிப் போட்டாலே போதும். முதலில் அதைப் பார்.

கழற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்று. ஒன்றைக் கழற்றி, துடைத்து, புதுசைப் போட்ட பிறகுதான் அடுத்தது. நான் அவசரத்தில் நான்கையும் ஒரே தடவையில் பிரித்துப் போட்டுவிட்டு, எது எங்கே இருந்தது, சாய்வு எந்தப் பக்கம் பார்த்தது என்று தெரியாமல் முழித்திருக்கிறேன். இப்போது உன்னிடம் போன் இருக்கிறது, கழற்றுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள். ஸ்க்ரூ ரொம்பச் சின்னது, தலைக்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்க்ரூடிரைவரைப் போடாவிட்டால் தலை வழுக்கிவிடும், அப்புறம் அன்றைக்கு முழுக்க வேறு வேலை கிடையாது.

பழைய பிளேடு பசையில் ஒட்டிக்கொண்டு வராமல் அடம் பிடிக்கும். அப்போது கட்டைவிரலால் தள்ளாதே, மரக்குச்சியால் நெம்பு. என் இடது கட்டைவிரலில் தழும்பு இருக்கிறதே, சின்ன வயதில் நீ கேட்டபோது உளி பட்டது என்று சொன்னேன். உளி இல்லை, இந்தச் சுண்டு பிளேடுதான். உளி என்று சொல்வதில் ஒரு கெத்து இருந்தது, அவ்வளவுதான்.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. பிளேடு உட்காருகிற பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் புதுசை வைக்க வேண்டும். சூடு ஆறின பசை அங்கே செதில் செதிலாக இறுகி இருக்கும். மரக்குச்சியால் சுரண்டி எடு, மிச்சத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடை, பிளாஸ்டிக் பாகத்தில் மட்டும் தின்னர் படாமல் பார்த்துக்கொள். ஒரு தடவை இதைச் செய்யாமல் விட்டேன். பசைத் துணுக்கு ஒன்று அடியில் மாட்டி பிளேடு ஒரு பக்கம் தூக்கி நின்றது, எனக்குத் தெரியவில்லை. கறுப்பு மைக்கா ஒட்டின கதவு, தலையிலிருந்து கால் வரை மெல்லிய கீறல். வீட்டுக்காரர் வந்தார், அந்தக் கீறலில் விரலை வைத்து மேலிருந்து கீழே வரை ஓட்டினார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். திட்டியிருந்தால் கூட மறந்திருப்பேன். கதவை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

அதனால் ஸ்க்ரூவை முக்கால்வாசி இறுக்கினதும் நிறுத்து. ஒரு ஸ்டீல் ஸ்கேலை டிரிம்மரின் அடித்தட்டில் நிமிர்த்தி வைத்து வெளிச்சத்தில் பார். பிளேடின் கூர் அடித்தட்டுக்குச் சமமாக நிற்க வேண்டும், மிஞ்சினால் ஒரு தாளின் கனம். அதற்கு மேல் நீட்டினால் மேல்முகத்தைக் கீறும், உள்ளே போனால் ஓரத்தில் வரம்பு மாதிரி டேப் நிற்கும். சரியாக வந்ததும் முழுசாக இறுக்கு. இறுக்கும்போது பிளேடு கொஞ்சம் நகரும், அதனால் இன்னொரு தடவை ஸ்கேல் வைத்துப் பார், சலித்துக்கொள்ளாதே.

கதவில் நேராக இறங்கிவிடாதே. கழிவுப் பலகையில் ஒரு முழம் டேப் ஒட்டி ஓட்டிப் பார். பசை நன்றாக ஆறின பிறகு ஓட்டு, சூட்டோடு ஓட்டினால் புது பிளேடிலும் பசை இழுபட்டு அப்பிக்கொள்ளும். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவு அழுத்தி, நடுவில் நிற்காமல், ஒரே மூச்சில் போ. அந்த எலி கடித்த இடங்கள் எல்லாம் நீ நின்று கையை மாற்றிப் பிடித்த இடங்களாகத்தான் இருக்கும். மர வெனீர் டேப் (நிஜ மரத்தை மெல்லிசாகச் சீவினது) என்றால் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார், கிழிகிற மாதிரி தெரிந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓட்டு.

2 மில்லிமீட்டர் கன டேப்பை இந்த டிரிம்மரில் போட்டுப் பார்க்கலாமா என்று போன வாரம் கேட்டாய். வேண்டாம். இது அரை மில்லிமீட்டர் மாதிரி மெல்லிசுக்குத்தான். கனமானதற்கு ரவுட்டர் வேண்டும், பிட் என்கிற வெட்டுமுனையை வேகமாகச் சுழற்றி மரத்தைச் சீவுகிற மின்கருவி அது, பிட்டில் பேரிங் இருக்க வேண்டும். அதில் பிட் மாற்றுவது தனிக் கதை, ப்ளக்கைப் பிடுங்காமல் அதில் கை வைக்க மாட்டேன் என்று சொல், அப்புறம் சொல்லித்தருகிறேன்.

கழற்றின பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதே, குப்பையை அள்ளுகிறவர் கையைக் கிழித்துவிடும். மூடி போட்ட ஒரு டப்பாவில் போட்டு வை.

கழிவுப் பலகையில் ஓட்டும்போது நாடா அறுபடாமல் வந்தால் அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. கதவை அப்புறம் பார்க்கிறேன்.

அப்பா