ஆண்டறிக்கை: ரங்கப்பிள்ளை வீடும் நம் தெரு வீடுகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படித்துவிட்டார். தெருவிளக்கு, வாய்க்கால் வேலைகளும் ஒருவழியாக முடிந்தன. ஆகவே இந்த அறிக்கையில் வீடுகளைப் பற்றியே பேசுகிறேன்.

இந்த ஆண்டு அனுமதி பெற்று ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டைப் பார்த்து வந்தோம். புதுச்சேரிக்காரர்களான நாம் அவர் பெயர் கொண்ட தெருவில் தினமும் காய்கறிப் பையோடு நடக்கிறோம். உள்ளே போனவர்கள் குறைவு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்த்து இடையில் நின்று பேசுபவராக இருந்து, 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதியவர் அவர். 1761 ஜனவரி 12இல் காலமானார். நான்கே நாளில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது; கோட்டையையும் பிரெஞ்சுக்காரர்களின் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். அதற்குத் தப்பிய மிகச் சில கட்டடங்களில் இவ்வீடும் ஒன்று.

கீழே முற்றத்தைச் சுற்றி, நம் முறைப்படி செதுக்கிய மரத்தூண்கள். மாடியிலோ பிரெஞ்சுப் பாணியில் சுண்ணாம்பு பூசிய செங்கல் தூண்கள். இரண்டு தரப்புக்கும் நடுவே நின்று பேசியவரின் வீடு வேறெப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பழைய கட்டடம் எவ்வளவு பெரியதானாலும் மழைத் தண்ணீர் இறங்கினால் தாங்காது. கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மேரி கட்டடம், அதாவது நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பிறகு அதே வடிவில் புதிதாகத்தான் கட்ட வேண்டியிருந்தது. வைசியாள் வீதியில் அப்படி விடாமல் முன்பே தாழ்வாரங்களையும் முகப்புகளையும் சீரமைத்தார்கள். 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

நம் தெருவில் முக்கியச் சிக்கல் சிமென்ட்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, காரை பெயர்ந்து விழும். இவ்வாண்டு முனை வீட்டு மொட்டைமாடியைச் சுண்ணாம்பிலேயே செப்பனிட்டார்கள். கொத்தனார் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சுண்ணாம்பு, செங்கல் ஜல்லிக் கலவையில் தெளிக்க, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டினார்கள். செலவு கூடத்தான். ஆனால் மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தக் கொத்தனாரிடம் வேலை பழக இளைஞர்கள் வந்தால், அவர்கள் கூலியில் ஒரு பகுதியைச் சங்கம் தரலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

அப்புறம், ஐப்பசி மழைக்கு முன் எல்லோரும் மாடிக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டாமல் வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். ஆள் வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள்.

செயலாளர்