குழாயை எடுத்துவிடலாமா என்று தினமும் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, சளிக்கும் காய்ச்சலுக்கும் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குவோரைக் கண்டித்திருந்தது. அந்தக் கண்டிப்பு தேவையானதுதான். ஆனால், மருத்துவமனையில் படுத்திருப்பவரின் ரத்தத்துக்குள் அத்தகைய கிருமி எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளால் 2019-இல் உலகெங்கும் நேரடியாக நேர்ந்த மரணங்கள் சுமார் 12.7 லட்சம் என மதிப்பிடப்பட்டுள்ளது. நுரையீரல், ரத்த ஓட்டம், வயிற்றறை ஆகியவற்றில் ஏற்பட்ட தொற்றுகளே அவற்றுள் முக்கால் பங்குக்கும் மேல்.

முதல் காரணம், உடலுக்குள் செலுத்தப்படும் குழாய்கள். பெரிய சிரை வழியாகச் செலுத்தப்படும் மையக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் உயிர்காக்கும் கருவி என்பதில் ஐயமில்லை. எனினும், கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் தோலைத் துளைத்துக்கொண்டுதான் அது உள்ளே செல்கிறது. அது உடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடுகிறது. சிறுநீர்க் குழாயும் வென்டிலேட்டரும் தத்தம் வழியில் அதே வேலையைச் செய்கின்றன. 'எதற்கும் இருக்கட்டும்' என்று விட்டுவைக்கப்படும் குழாய்களே என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கின்றன.

இரண்டாவது காரணம், அண்மை மாதங்களில் நோயாளி எடுத்துக்கொண்ட ஆன்டிபயாடிக்குகள். செஃபலோஸ்போரின், கார்பாபெனம் போன்ற வலிய மருந்துகள் குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களை அழித்துவிட, மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உடல் தளரும்போது அவையே ரத்தத்தில் நுழைகின்றன. அதே கிருமி கழுவாத கைகள் வழியாக அடுத்த படுக்கைக்கும் போகிறது. ஆகவே, முன்பு எந்த மருத்துவமனையில் இருந்தார், என்ன மருந்து பெற்றார் என்பதைச் சேர்க்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுவது குடும்பத்தாரின் கடமை. முதலில் கொடுக்கும் மருந்து கிருமிக்கு ஏற்றதாக அமைவது பெரும்பாலும் இந்தத் தகவலைப் பொறுத்தது. ஏனெனில் ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்து அடையாளம் காணும் ரத்தக் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு முழுமையாக வர இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம், கடும் தொற்றிலோ அதுவரை மருந்து கொடுக்காமல் காத்திருக்க முடியாது. முடிவு வந்தபின் மருந்தை மறுபரிசீலனை செய்து, தேவையற்றதை நிறுத்துவதும் அதே அளவு முக்கியம்.

குறைமாதக் குழந்தைகள், கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்தவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அவர்களது நிலையை நம்மால் மாற்ற இயலாது. கதீட்டரைக் கையாளும் முறையை மாற்றலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், கை கழுவுதல், கதீட்டர் செலுத்தும்போது முழுப் பாதுகாப்பு உடை, குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினியால் தோலைத் தூய்மை செய்தல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற கதீட்டரை அகற்றுதல் ஆகிய ஐந்தும் கடைப்பிடிக்கப்பட்டன. பதினெட்டு மாதங்களில் கதீட்டர் சார்ந்த ரத்தத் தொற்று விகிதம் 66 விழுக்காடு வரை குறைந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவற்றில் எதற்குமே புது மருந்து தேவைப்படவில்லை.

ஆயிரம் கதீட்டர் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் கதீட்டர் இருந்தால் அது ஒரு கதீட்டர் நாள்) எத்தனை தொற்று என்ற கணக்கை மருத்துவமனைகள் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் எனத் தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டுகிறேன். தொற்றுத் தடுப்புப் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவரை இதுபற்றி எழுதச் செய்தால், நோயாளியின் அருகில் இருப்போர் 'இந்தக் குழாய் இன்றும் தேவையா?' என்று தயங்காமல் கேட்கத் துணிவு பெறுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்