வாஷன் தீவிலிருந்து அப்பாவுக்கு

வாஷன் தீவு, வாஷிங்டன் மாநிலம்
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். அம்மா முழங்கால் வலியோடு தோட்டத்துக்கு ஏறி இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். காப்பிப் பழம் பறிக்க இந்த வருஷம் ஆள் கிடைத்ததா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "தீவுங்கற, பாலமும் இல்லைங்கற, அப்புறம் எப்படிக் கண்ணு வேலைக்குப் போற?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லும் முன் லைன் போய்விட்டது. நாற்பது வருஷம் கண்டக்டராகப் பஸ்ஸில் நின்றவருக்கு இதைப் போனில் சொன்னால் போதாது என்று தோன்றியது. அதனால்தான் கடிதம்.

ஃபெர்ரியில் போகிறேன் அப்பா. அம்மா பூலாம்பட்டிக்காரி, படகு என்றதும் காவிரியைத் தாண்டி நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகும் விசைப்படகுதான் கண்ணில் வரும். அதில் நாலைந்து டிவிஎஸ் வண்டியை ஏற்றினாலே நமக்கு ஆச்சரியம். இங்கே எங்கள் வழியில் ஓடும் படகில் 124 கார் ஏறும். கீழ்த்தளத்தில் கார்கள், மேலே ஜன்னலோரம் நீள நீளமாக இருக்கைகள். அந்தப் பக்கம் சியாட்டில் நகரத்தில் இருக்கும் ஃபான்ட்லராய் என்கிற துறைக்கு இருபது நிமிஷம். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் படகைத் திருப்பவே வேண்டியதில்லை. வந்த முனை பின்னால் ஆகும், அவ்வளவுதான். ஏற்காட்டு மலையில் நம் நாகலூரில் அந்தக் குறுகிய இடத்தில் நீங்கள் பின்னால் நின்று விசிலடித்து, "வரலாம்... வரலாம்... ஹோல்டான்" என்று வண்டியைத் திருப்பியது முதல் நாளே நினைவுக்கு வந்தது. இங்கும் அதே வேலைக்கு ஆள் இருக்கிறார்கள். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு மழையில் நின்று, ஒவ்வொரு காரையும் சாண் இடைவெளியில் நிறுத்த வைக்கிறார்கள்.

டிக்கெட் முறையும் உங்களுக்குப் பிடிக்கும். தீவுக்கு வரும்போது மட்டும் வாங்குகிறார்கள், திரும்பிப் போகக் கேட்பதில்லை. உள்ளே வந்தவர் எப்படியும் வெளியே போய்த்தானே ஆக வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஆள் டிக்கெட் கிடையாது. உங்கள் பேத்தி ராணி மாதிரி ஏறிப் போகிறாள். பனி மூடிய காலையில் படகு சங்கு ஊதும்போது, "அப்புச்சி பஸ் ஹாரன்" என்கிறாள்.

தீவில் ஆஸ்பத்திரி இல்லை. ஒரு ராத்திரி கடைசிக்கு முந்தின படகில் நான் வீடு திரும்பியபோது, எதிரே காத்திருந்த வரிசையை எல்லாம் ஒதுக்கிவிட்டு ஆம்புலன்ஸை முதலில் ஏற்றினார்கள். ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து இந்தப் படகை நான் வண்டியாக நினைக்கவில்லை, ரோடாகத்தான் நினைக்கிறேன்.

அப்படி நினைப்பது நான் மட்டும் இல்லை, இந்த மாநிலத்தின் அரசியல் சாசனமே அப்படித்தான் சொல்கிறது. 1944-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பெட்ரோல் வரியில் வரும் பணத்தை ரோட்டுக்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும் என்று பூட்டுப் போட்டார்கள். ரோட்டின் தொடர்ச்சியாக ஓடும் ஃபெர்ரியும் ரோட்டில் சேர்த்தி என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். அப்போது படகுகள் தனியார் கையில் இருந்தன. 1951 ஜூன் மாதம்தான் அரசு அவற்றை வாங்கி ஓட்ட ஆரம்பித்தது. இன்று 21 படகுகள். அமெரிக்காவிலேயே பெரிய ஃபெர்ரி நிர்வாகம் இதுதான்.

ஆனால் பூட்டு ஒரு பெட்டிக்குத்தான் இருந்தது. படகுக்குப் பெரும்பணம் வந்தது இன்னொரு பெட்டியிலிருந்து. காரின் மதிப்பில் 2.2 சதவீதம் என்று வருஷா வருஷம் ஒரு வரி, அதில் ஒரு பங்கு ஃபெர்ரிக்கு. அது வெறும் சட்டம், சாசனத்தின் காவல் அதற்கு இல்லை. வரி அதிகம் என்று மக்களுக்குக் கோபம். கோபத்தில் நியாயமும் இருந்தது, புதுக் கார் வாங்கியவர்கள் நூற்றுக்கணக்கில் டாலர் கட்டினார்கள். 1999 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்து, எந்தக் காராக இருந்தாலும் 30 டாலர்தான் என்று முடிவு செய்தார்கள். கோர்ட் அந்த முடிவைச் செல்லாது என்றது. அதற்குள் சட்டமன்றமே 2000-ல் அதே 30 டாலரைச் சட்டமாக்கிவிட்டது. பணம் நின்றது. ஆட்களை மட்டும் ஏற்றிப்போன வேகப் படகுகளைக் குறைத்து, பிறகு நிறுத்தினார்கள். கட்டணம் ஏறிக்கொண்டே போனது. புதுப் படகு கட்டுவது தள்ளிப்போனது.

தள்ளிப்போட்டதன் விலை 2007 நவம்பரில் தெரிந்தது. 1927-ல் கட்டிய நான்கு படகுகள் அதுவரை ஓடிக்கொண்டிருந்தன. எண்பது வருஷம் அப்பா! அடித்தகடு அரித்துப்போனதைக் கண்டு நான்கையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். போர்ட் டவுன்சென்ட் என்கிற ஊரின் துறைக்கு ஈடு கொடுக்க ஸ்பேர் இல்லை. சில மாதம் கார் ஏற்ற வழியில்லாமல், பிறகு பியர்ஸ் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) சின்னப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். ஸ்பேர் பஸ் இல்லாத டெப்போவில் ஒரு வண்டி பிரேக்டவுன் ஆனால் எந்த டிரிப்பை முதலில் வெட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மலை டிரிப்பைத்தான்.

இப்போது மறுபடி கவலை வந்திருக்கிறது. பூட்டுப் போட்ட பெட்டியிலேயே வரவு குறைகிறது. பெட்ரோல் வரி காலனுக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கு. மின்சாரக் கார் பெருகப் பெருக பெட்ரோல் விற்பது குறையும். இந்த ஜூலையில் 6 சென்ட் ஏற்றி 55.4 ஆக்கினார்கள். அதிலேயே காலம் ஓடாது. 1959-ல் கட்டிய படகு ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படகுக்கென்று வரும் பணத்தைப் படகுக்கே வைத்திருக்க வேண்டும், அடுத்த வருஷப் பற்றாக்குறைக்கு அதில் கை வைக்கக் கூடாது. தீவுக்காரர்கள் கேட்பது இதுதான், நானும் அவர்களோடு கேட்கிறேன்.

"டிக்கெட் காசிலேயே ஓடட்டுமே" என்று கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊர்க்காரர்கள் கேட்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. நான் எட்டாவது படித்தபோது மழைக்காலத்தில், ஆறு பேரோடு மேலே ஏறிய கடைசி டிரிப்புக்குக் கலெக்‌ஷன் எங்கே என்று உங்களைக் கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னீர்கள்: "கலெக்‌ஷன் பாத்தா மலைக்கு வண்டியே ஓடாது. அந்த ஆறு பேர்ல ஒருத்தி பிரசவத்துக்குப் போனவ." இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் டிக்கெட் போட்டு வசூலித்தா நாம் ரோட்டைப் பராமரிக்கிறோம்? போன டிசம்பரில் ஃபெஞ்சல் புயலில் மலைப்பாதை சரிந்தபோது, லாபக் கணக்குப் பார்த்தா மண்ணை அள்ளினார்கள்?

ஜனவரியில் மாநிலத் தலைநகரான ஒலிம்பியாவில் சட்டமன்றம் கூடுகிறது. போக்குவரத்துக் குழு முன்பு பொதுமக்கள் யாரும் பேர் கொடுத்துப் பேசலாம், வீட்டிலிருந்தே வீடியோவிலும் பேசலாம். ஓரிரண்டு நிமிஷம்தான் கொடுப்பார்கள். நான் பேர் கொடுக்கப் போகிறேன். அந்தக் கடைசி டிரிப்பைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அதனால் ஒரு உதவி. பரணில் தகரப் பெட்டியில் உங்கள் பழைய டைரிகள் இருக்கும், தம்பியை எடுக்கச் சொல்லுங்கள். அது எந்த வருஷம், எந்த ஊர் நிறுத்தத்தில் அந்த அம்மா ஏறினார், குழந்தை நல்லபடியாகப் பிறந்ததா என்று எழுதி அனுப்புங்கள். தப்பாக ஒரு வார்த்தையும் நான் அங்கே சொல்லக் கூடாது.

அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் அன்பு மகள்