பிளஸ் டூவுக்குக் கிடைத்த அமைதி எழுத்துக்கும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் மதுரை செல்லூரில் இருக்கிறேன், வயது 46. பதினோரு வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். அச்சில் வந்தது 4. ஏன் இவ்வளவு குறைவு என்று யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒரு விஷயத்தைத்தான் எழுதுகிறேன், பிரசுரித்தால் என்னைப் போல இருக்கிறவர்கள் கண்ணில் படும்.

எங்கள் வீட்டில் 7 பேர். இரண்டு அறை, ஒரு ஹால், அடுப்பங்கரை. அத்தைக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் டிவி சத்தமாகத்தான் ஓடும், அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு பேரும் வாய்விட்டுப் படிக்கிறவர்கள். குழாயில் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள் வரும், வருகிற அன்றைக்கு வேறு எதுவும் நடக்காது. சிலிண்டர், குப்பை வண்டி, கூரியர், யாருடையதோ சார்ஜர், யாருடையதோ சாவி.

நான் எழுதுவது பரீட்சை அட்டையை மடியில் வைத்து, ரூல் போட்ட நோட்டில். போன மாதம் ஒரு கதை. வளையல் கடைக்காரர் ஒருவர், இறந்துபோன மனைவியின் கைக்குச் சரியாக இருக்கும் இரண்டே கால் அளவில் ஒரு டஜனை மட்டும் விற்காமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். ஒரு பெண் வந்து சரியாக அந்த டஜனைக் கேட்கிறாள். அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் குரலே கேட்டது, எழுதக் குனிகிறேன், "அம்மா, வண்டி சாவி எங்கே?" என்று மகன் கூப்பிட்டான். எழுந்து தேடிக் கொடுத்து, அப்படியே பாலை இறக்கி வைத்து, அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் இருபது நிமிடம் ஆகியிருந்தது. கடைக்காரர் பேசவில்லை. அடுத்த நாள் அவருக்கு வேறு ஒரு பதில் எழுதினேன். தப்பில்லாத வாக்கியம்தான், ஆனால் அது அவர் சொன்னது இல்லை என்று எனக்குத் தெரியும். "ரெண்டு நிமிஷம்தானே கூப்பிட்டோம்" என்கிறார்கள், அந்த இரண்டு நிமிஷத்தில் போனது எது என்று வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

விடிகாலையில் எழுதலாமே என்பார்கள். ஒரு வருடம் எழுதினேன். நாலு மணிக்கு எழுந்து, அறையில் விளக்குப் போட முடியாது என்பதால் அடுப்பங்கரையில் கிரைண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஐந்தே கால் வரைக்கும். நன்றாகத்தான் போனது. ஆனால் ராத்திரி படுக்கப் பதினொன்றரை ஆகிறது, எத்தனை நாளைக்கு உடம்பு தாங்கும்? ஆடி மாதம் வந்ததும் நாலரைக்கே ஒலிபெருக்கி ஆரம்பித்துவிடும். கூழ் ஊற்றட்டும், நானும் போய் வாங்கிக் குடிக்கிறவள்தான். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, அதைக் கடைப்பிடித்தால் அந்த ஒன்றே கால் மணி நேரமாவது மிஞ்சும் என்கிறேன்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இதே வீட்டில், இதே 7 பேர் இருக்கும்போது, ஒரு வருடம் முழுக்க அமைதி இருந்தது. என் மகன் பிளஸ் டூ படித்த வருடம். ஜூன் மாதமே கேபிளைத் துண்டித்தோம். அத்தை மறுபேச்சுப் பேசவில்லை. விருந்தாளிகளை "பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிவைத்தோம். பின்னறைக் கதவைச் சாத்தினால் யாரும் தட்டக்கூடாது, மிக்சியைக்கூட அவன் ஸ்கூலுக்குப் போனபிறகுதான் போடுவேன். யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகச் செய்தோம். இரைச்சலான வீடு, என்ன பண்ணுவது என்று பத்து வருடம் நினைத்திருந்த எனக்கு, இந்த வீட்டுக்கு அமைதியாக இருக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. மார்க்குக்காக என்றால் இருக்கும். அம்மா கதை எழுதுகிறாள் என்றால், அதற்கெல்லாமா என்று இருந்துவிடுகிறது.

மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக வந்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். கவிஞர் சல்மா துவரங்குறிச்சியில் புகுந்த வீட்டில் இருந்த காலத்தில் ராத்திரி கழிப்பறைக்குள் போய் எழுதியதை அவரே சொல்லியிருக்கிறார். வை.மு.கோதைநாயகி 1901இல் பிறந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர், முதல் படைப்பை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள்தான் எழுதிக் கொடுத்தார், கணவரும் துணையாக இருந்தார், பிறகு நூறு நாவல்களுக்கு மேல் எழுதினார். கூட இருக்கிறவர்கள் கொஞ்சம் இடம் விட்டால் என்ன ஆகும் என்று அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

நூலகத்துக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன், பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அருமையான இடம், அங்கே உட்கார்ந்து ஒரே மூச்சில் ஆறு பக்கம் எழுதினேன். ஆனால் போய்வரவே ஒன்றரை மணி நேரம், மாதத்துக்கு ஒரு நாள் முடிந்தால் பெரிது. நடந்து போகிற தூரத்தில் ஒரு கிளை நூலகம் இருக்கிறது. அங்கே நோட்டைத் திறந்ததும், "இங்கே பேப்பர் படிக்கத்தாம்மா இடம், எழுதுறதுக்கெல்லாம் இல்லை" என்றார்கள். இருந்த இரண்டு மேசையிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். அவர்களை எழுப்பச் சொல்வேனா? 1948இல் வந்த நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். ஒவ்வொரு கிளையிலும் எழுதுகிறவர்களுக்கு என்று ஒரு மேசையும் நாலு நாற்காலியும் போடலாம்.

இரண்டு வாரம் முன்னால் சாப்பிடும்போது வீட்டில் எல்லாரிடமும் நேராகவே கேட்டுவிட்டேன். தினம் ஒரு மணி நேரம், பிளஸ் டூவுக்கு இருந்த மாதிரி இருங்கள் என்று. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அத்தைதான் முதலில் சொன்னார்: "மூணரைக்கு வர்ற சீரியலை நான் ராத்திரி போடும்போது பாத்துக்கிறேன், நீ எழுதுத்தா." பிள்ளைகளும் அந்த நேரம் மொட்டை மாடிக்குப் போய்ப் படிக்கிறார்கள். இதுவரை 9 நாள் கிடைத்திருக்கிறது.

கிளை நூலக மேசை விஷயத்தை மட்டும் தங்கள் நாளிதழ் வழியாகப் பொது நூலகத் துறையின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டுகிறேன். மாலை நேரத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலும் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.