பேத்தியின் நாய்க்குட்டிக்காக ஒரு கடிதம்

வெள்ளகோவில் பக்கத் தோட்டத்திலிருந்து

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே ஆடிக்காற்று தோட்டத்துச் சாளை வீட்டு ஓட்டைப் பேர்த்துவிடும் போல அடிக்கிறது. ஆடு மேய்கிற கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடக்கிறது, ஆடுகளுக்குத் தீவனம் வாங்கித்தான் போடுகிறோம். என் முழங்கால் வலி பரவாயில்லை. மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். நாய் விஷயத்துக்கு வருகிறேன், அதைத்தானே நீ அவசரமாகக் கேட்டிருக்கிறாய்.

குட்டி செருப்பைக் குதறுகிறது, ஹாலெல்லாம் மூத்திரம் போகிறது, "எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்று தங்கச்சி சொல்லிவிட்டாள், இரண்டு தட்டுத் தட்டினால் சரியாகிவிடுமா என்று எழுதியிருக்கிறாய். தட்டாதே மாப்ளை. அடித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

எங்கள் பழைய மணியை உனக்கு ஞாபகம் இருக்கும். கட்டுத்தறி ஓரம் வேப்பமரத்தடியில் பகல் முழுக்கச் சங்கிலியிலேயே கிடப்பான். சோறு வைக்கும்போது தவிர யாரும் கிட்டப் போக மாட்டோம். ஒருநாள் காலையில், கட்டுவதற்கு முன்னால், அடைக்கு வைத்த முட்டையைத் தின்றுவிட்டான். நான் சாயங்காலம் அவனை அவிழ்த்துவிட்ட பிறகுதான் அதைப் பார்த்துவிட்டு, "மணி, வா" என்று கூப்பிட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தவனை வேப்ப விளாறால் அடித்தேன். காலையில் தின்ற முட்டைக்குத்தான் இந்த அடி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கூப்பிட்டார், போனேன், அடி விழுந்தது. அவன் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அதற்கப்புறம் எத்தனை முறை கூப்பிட்டாலும் நான்கு முழம் தள்ளியே நின்று, காதை மடக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பான். அந்தப் பார்வை இன்னமும் எனக்குள் கிடக்கிறது.

அதே மணிதான் பால் வாங்க வந்த பையனைக் கடித்தான். சங்கிலி அறுந்துவிட்டது, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டான். கடிவாயை உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அப்படியே ஊசிக்குக் கூட்டிப்போக வேண்டும். எனக்கு அன்றைக்கு அது தெரியாது. மஞ்சளை அப்பித் துணியால் கட்டினேன். வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்வதற்கென்றே 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் குன்னூரில் இருக்கிறது. நாமும் எத்தனையோ முறை அந்த வழியாக ஊட்டிக்குப் போயிருக்கிறோம். இருந்தும் என் கை மஞ்சளைத்தான் தேடியது. நல்லவேளையாகப் பக்கத்துத் தோட்டத்து டீச்சரம்மா பார்த்துவிட்டு, அந்தப் பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ஊசியெல்லாம் முடிந்து அவன் தேறுகிற வரைக்கும் எனக்குத் தூக்கமில்லை.

மணி போனதும் இனி நாயே வேண்டாம் என்றிருந்தேன். அப்புறம்தான் செவலி வந்தாள். பெட்டைக்குட்டி என்று யாரோ சாக்கில் கட்டி ரோட்டோரம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு மாதக் குட்டி, காது மடலில் கொத்துக் கொத்தாக உண்ணி. இவளை ஒருநாளும் அடிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிக்கொண்டேன்.

முதல் பாடம் சோற்றுப் போசியில்தான். போசியோடு நான் குனிந்தால் தாவுவாள். தாவினால் போசியோடு நிமிர்ந்துவிடுவேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். மறுபடி குனிவேன், மறுபடி தாவுவாள். மூன்றாம் நாள் என்னை அண்ணாந்து பார்த்தபடியே தன்னையறியாமல் பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அந்த நொடியே "உக்காரு" என்று சொல்லிப் போசியைக் கீழே வைத்தேன். ஒரு வாரத்தில் நான் போசியை எடுத்தாலே போய் உட்கார்ந்துகொள்வாள், வால் மட்டும் மண்ணைக் கூட்டும். நல்லதைச் செய்த நொடியிலேயே கொடுத்துவிட வேண்டும், நாலு எட்டு நடந்து போய் எடுத்து வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்பது அதற்குப் புரியாது. அதனால் சட்டைப்பையில் அவித்த ஈரல் துண்டு எப்போதும் இருக்கும்.

ஆட்டுப்பட்டிக்குக் கூட்டிப் போனபோது கயிற்றை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஆட்டுக்குட்டி துள்ளினால் இவளுக்கும் கால் பரபரக்கும். ஆட்டை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிற நேரமெல்லாம் ஈரல். ஆறு மாதம் விடாமல் செய்தேன். போன மாதம் நடுராத்திரி ஒரு ஆடு ஈன்றது. டார்ச் அடித்துப் பார்க்கிறேன், படலுக்கு வெளியே மூக்கை முன்னங்காலில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். ஈரம் காயாத குட்டி படல் சந்தில் தலையை நீட்டி இவள் காதைச் சப்புகிறது. அசையவில்லை.

நம் பக்கம் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போடுவது உனக்கும் தெரியும். அவற்றில் நிறைய, யாரோ குட்டியாக ரோட்டில் விட்டுவிட்டுப் போனவையும் அவற்றுக்குப் பிறந்தவையும்தான். தங்கச்சியிடம் இதைச் சொல். செவலிக்கு நான் கருத்தடை செய்துவிட்டேன், உன் குட்டிக்கும் எப்போது செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டு வை.

சரி, உன் வீட்டுக்கு என்ன செய்வது? குட்டி தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் பால்கனியில் ஒரே மூலைக்குத் தூக்கிக்கொண்டு போ. அங்கே போனால் தட்டிக்கொடு. ஹாலில் போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடு, மூக்கை அதில் தேய்க்காதே. செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டு. பல் முளைத்து விழுகிற வயது, ஆறு மாதம் வரை எதையாவது கடித்துக்கொண்டுதான் இருக்கும். பழைய துண்டை முடிச்சுப் போட்டு, நனைத்து, குளிரவைத்துக் கொடு. கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடு. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். நீ "உக்காரு" என்று சொல்ல, பேத்தி "சிட்" என்று சொன்னால் அது யார் பேச்சைக் கேட்கும்? "வா" என்று கூப்பிட்டு மட்டும் ஒருநாளும் திட்டாதே.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்குகிற தடுப்பூசியை நான்கு மாதம் வரை டாக்டர் சொல்கிற நாளில் தவறாமல் போடு. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், அப்புறம் வருஷா வருஷம். ஊசி முடிகிற வரைக்கும் தெருவில் இறக்கிவிடாமல் கையில் தூக்கிக்கொண்டே பஸ், குழந்தைகள், பட்டாசுச் சத்தம், வீட்டுக்கு வருகிற ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் காட்டு. இந்த வயதில் பார்த்துப் பழகாததைக் கண்டு பின்னால் மிரளும், மிரண்டால் கடிக்கும். சாக்லேட், திராட்சை, வெங்காயம், வேகவைத்த கோழி எலும்பு கிட்டவே போகக் கூடாது. வெறும் தயிர்ச்சோறும் போதாது, முட்டையோ கறியோ சேர்த்துக் கொடு.

பேத்தி பள்ளிக்கூடம் போனபின் நாள் முழுக்க அது தனியாகக் கிடந்தால் இதெல்லாம் செய்தும் பயனில்லை. நீ ரிட்டயர்டு ஆனவன்தானே, காலையில் ஒரு மணி நேரம், பொழுது சாய ஒரு மணி நேரம் அதற்கென்று ஒதுக்கு. அதுவும் முடியாதென்றால் மறைக்காமல் எழுது, நானே வந்து குட்டியை வாங்கிக்கொள்கிறேன். ரோட்டில் மட்டும் விட்டுவிடாதே.

ஊசி எல்லாம் முடிந்ததும் பேத்தியோடு குட்டியையும் கூட்டிக்கொண்டு நோம்பித் திருவிழாவுக்கு வா. முன்னாடியே போன் பண்ணு, செவலியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். முதலில் கொஞ்சம் தள்ளி நிறுத்தித்தான் இரண்டையும் பழக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்