சும்மா இருக்க ஒரு நாள்

ஆசிரியருக்கு,

விடுமுறை நெருங்கினால் குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு என்று பட்டியல் போடுகிறோம். தனியே ஒரு நாள் இருந்தால்தான் தெம்பு வரும் என்கிற சுபாவக்காரர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. சீசன் கூட்டத்தில் அருவிக்கு வரிசையில் நிற்பது அவர்களுக்கு இன்னொரு வேலைநாள். இது கூச்சமுமில்லை, யார் மீதும் கோபமுமில்லை.

அந்த நாள் கெடுவது பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லாததால்தான். "சும்மாத்தான இருக்க, ரேஷன் கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துரு" என்று காலை எட்டு மணிக்கே முடிந்துபோகும். நான்கு நாள் முன்பே வீட்டில் சொல்லிவிட வேண்டும். 'ரெஸ்ட்' என்று மொட்டையாக அல்ல, காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை என்று மணிக்கணக்கோடு. முகூர்த்த நாள் கூடாது. பக்கத்துத் தெருவில் கோயில் கொடை உண்டா என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும். மைக்செட் கட்டிவிட்டால் கதவைச் சாத்தியும் பயனில்லை. போனை அணைத்துவிட்டால் சொந்தக்காரர்கள் பதறி நேரிலேயே வந்து நிற்பார்கள். சத்தத்தை அடக்கி, வீட்டார் இருவரின் எண் மட்டும் மணியடிக்க வைத்தால் போதும்.

வெளியே போவதானால் ஒரே இடம், அதுவும் காலையில். தாமிரபரணியில் முருகன் கோயில் இருக்கும் குறுக்குத்துறை படித்துறைக்கு விடியுமுன் போகலாம். கூட்டம் கூடும் சஷ்டி, கிருத்திகை, அமாவாசை ஆகாது. கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைப் பார்க்க நினைப்பவர்கள், மதியம் நடை சாத்துவார்கள் என்பதால் ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்வது நல்லது. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் பஸ்ஸிலேயே பொழுது போய்விடும்.

சாப்பாட்டுக்குச் சொதி வேண்டாம். தேங்காய்ப் பால் பிழிவதிலும் காய் நறுக்குவதிலும் பாதி நாள் போகும். உளுந்தம்பருப்புச் சோறு ஒரே குக்கரில் முடிகிற காரியம்: அரை டம்ளர் அரிசி, வறுத்த கறுப்பு உளுந்து கால் டம்ளர், ஆறு பல் பூண்டு, கால் ஸ்பூன் வெந்தயம், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், உப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர், நான்கு விசில். தண்ணீர் குறைந்தால் உளுந்து நறுக்கென்று நிற்கும். எள்ளுத் துவையலை முந்தின இரவே அரைத்துவிடலாம். சாப்பிட்டதும் கண் சொருகும். அரைமணி நேரத்துக்கு அலாரம் வைத்துப் படுப்பது நல்லது. இரண்டு மணி நேரம் தூங்கினால் தலை கனக்கும், ராத்திரித் தூக்கமும் போகும்.

மின்விசிறி ஓடாத மே மாதப் பகலில் இந்தத் திட்டம் எதுவும் நிற்காது. ஆகவே ஒரு வேண்டுகோள்: பராமரிப்புப் பணிக்கான மின்தடை அறிவிப்பை முந்தின நாள் வெளியிடுவதற்குப் பதில், மூன்று நாள் முன்னதாகத் தங்கள் நாளிதழில் தர இயலுமா?

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை