உரிமம் கொடுக்கும் முன் எங்கள் தெருவைக் கேளுங்கள்

பெறுநர்:
மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை ஆணையர் அவர்கள்,
சென்னை.

ஐயா, வணக்கம்.

எஃப்.எல்.2 உரிமம் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தனி முதலாளி இல்லாத ஒரு மன்றம், தன் உறுப்பினர்களுக்கு மட்டும் மது வழங்க தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு மது உரிம விதிகள் தரும் அனுமதி அது. எங்கள் தெருவில் கல்யாண மண்டபமாக இருந்த கட்டடம் அந்த உரிமத்தோடு இப்போது மனமகிழ் மன்றமாகிவிட்டது. வாசலில் யாரும் உறுப்பினர் அட்டை கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

2023 ஏப்ரலில் இதே 1981 விதிகளைத் திருத்தி, கல்யாண மண்டபங்களிலும் வீட்டு விசேஷங்களிலும் சிறப்பு உரிமம் வாங்கி மது பரிமாறலாம் என்று அரசாணை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபத்தையும் வீட்டையும் அதிலிருந்து எடுத்துவிட்டு, சர்வதேச, தேசிய அளவிலான மாநாடுகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் மட்டும் என்று மாற்றினீர்கள். மக்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்று அன்றைக்கு நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஒரு நாள் விசேஷத்துக்கே மண்டபத்தில் ஆகாது என்று ஒப்புக்கொண்ட மது, அதே கட்டடத்தில் தினமும் ஓடலாம் என்பது எந்தக் கணக்கு ஐயா?

எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு மேல் பனியன் கம்பெனிச் சம்பளத்தில் நடக்கின்றன. ஒரு ஷிப்ட் சாயங்காலம் ஐந்தரைக்கு முடியும். வாடகை, பள்ளிக் கட்டணம், குழுக் கடன் எல்லாவற்றையும் சமாளிக்கிறவர்கள் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பார்கள். அது முடிந்து கம்பெனி வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிடும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு வர இந்த ஒரு வழிதான். மன்றத்து வாசலில் பைக்குகளைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஆண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். தெருவிளக்குக் கம்பத்தடியில் ஒருவர் சிறுநீர் கழித்துக்கொண்டிருப்பார். பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பின்னாலேயே வருகிறார்கள். சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அன்றைக்கு இரண்டு மடங்கு கூட்டம். புருஷனோ தம்பியோ வேனுக்கு எதிரே வந்து நிற்கும் பெண்கள் எப்படியோ வீடு சேர்ந்துவிடுகிறார்கள். அப்படி யாரும் இல்லாத ஒரு பெண், செக்கிங்கில் வேலை பார்ப்பவர், புருஷனைக் குடிக்கே பறிகொடுத்தவர், அரை ஷிப்டை விட்டுவிட்டார். அந்தப் பணத்தில்தான் மகளுக்கு டியூஷன் கட்டிக்கொண்டிருந்தார். டியூஷனும் நின்றுவிட்டது.

இந்த உரிமம் கொடுக்கும்போது எங்கள் தெருவில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போர்டு மாட்டிய பிறகுதான் எங்களுக்கே தெரியும். அதனால் கேட்கிறோம்: எஃப்.எல்.2 உரிமம் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தெருவில் குடியிருக்கிறவர்களைக் கேளுங்கள்.

டாஸ்மாக் கடை என்றால் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிறுவனத்திலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. டேப் வைத்து அளந்துவிடலாம். வேலை முடிந்து வரும் பெண்ணின் வழியை அளக்க எந்த விதி இருக்கிறது? 2023 ஜூன் 22-ஆம் தேதி மாநிலம் முழுக்க 500 கடைகளை மூடினீர்கள். நல்ல காரியம், மனதார நன்றி சொன்னோம். ஆனால் ஒரு பக்கம் கடையை மூடிவிட்டு, மறுபக்கம் வீடுகளுக்கு நடுவில் மன்றம் திறக்க விட்டால் அந்த நன்றிக்கு என்ன அர்த்தம்? 2023-24-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் எங்கள் ஆண்கள் கொண்டுபோய்க் கொடுத்த சனிக்கிழமைச் சம்பளம் எவ்வளவு என்று எங்கள் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். இவ்வளவு கொடுத்த பிறகு நடந்து வீடு வரும் வழியையும் கொடுக்க வேண்டுமா?

சரி ஐயா, வருமானத்தைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் தனியாக இல்லை என்று எங்களுக்கும் தெரியும். உரிமம் உங்கள் துறையின் கையில் இருக்கிறது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறோம். விண்ணப்பம் வந்தவுடன் அந்தக் கட்டடத்தின் வாசலில் அறிவிப்பு ஒட்டச் சொல்லுங்கள். ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம் கொடுங்கள். கிராமமாக இருந்தால் கிராம சபையில் வையுங்கள், நகரமாக இருந்தால் வார்டு மக்களைக் கூட்டிக் கேளுங்கள். அந்தக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், கம்பெனிக்குப் போகும் பெண்களும் வந்து பேச முடியும். ஏற்கெனவே நடக்கும் மன்றங்களில் முன்னறிவிப்பு இல்லாமல் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு உறுப்பினர் பதிவேட்டைச் சோதிக்க ஆள் அனுப்புங்கள்.

எங்கள் தெரு மன்றத்தின் உரிமமும் புதுப்பிப்புக்கு வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எங்களைக் கேளுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பூர் மாவட்டத்திலிருந்து,
ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண்ணும் அவள் தெருக்காரர்களும்